எண்ணூர் மணலில் நான் மண்டியிட்டது

அன்புள்ள மகன் அந்தோணிக்கு,

முதலில் ஒன்றைத் திருத்திவிடுகிறேன். எண்ணூரில் உங்கள் கச்சேரி நடந்த அன்று நான் மயங்கி விழவில்லை. மீன் ஏலத்தில் பேசிக்கொள்வதுபோல எனக்குச் சாமியும் வரவில்லை. எங்கள் கோயில் பங்கில் சாமி வருவதாக இருந்தால் குருவானவரிடம் முன்கூட்டியே எழுதிக் கேட்க வேண்டியிருக்கும். மூன்றாவதாக ஒரு பேச்சு உண்டு. பங்கு முழுவதும் அதைத்தான் நம்புகிறது, நீயும் நம்புகிறாய் என்று தெரிகிறது. நான் நாற்பது பெண்களைத் திரட்டிக்கொண்டு வந்து, உன் மேடைக்கு எதிரே மண்டியிட்டுச் செபம் சொல்லி, உன் பாட்டுக்கு மறியல் செய்தேனாம். மண்டியிட்டது உண்மை. மற்றது பொய். ஏன் மண்டியிட்டேன் என்பதை இந்த இரண்டு வருடத்தில், போன மாதம்வரை, நான் ஒருவரிடமும் சொல்லவில்லை. இப்போது உனக்குச் சொல்கிறேன். இதன் நகல் ஒன்றைப் பங்கின் மாத இதழுக்கும் கொடுக்கப் போகிறேன். புகழ்ந்தவர்களும் சிரித்தவர்களும் ஒன்றாகவே படித்துத் தெரிந்துகொள்ளட்டும்.

இப்போது ஏன் என்று நீ கேட்பாய். போன ஞாயிற்றுக்கிழமை உன் அக்கா ஸ்டெல்லா வந்திருந்தாள். வெங்காயம் நறுக்கிக்கொண்டே, "பொண்ணும் நல்லாப் பாடுவாளாம்மா" என்றாள். "எந்தப் பொண்ணு?" என்றேன். கத்தியைக் கீழே வைத்துவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். அவளுக்குச் சிறு வயதிலிருந்தே பொய் வராது. என் வளர்ப்பின் சிறப்பு அது என்று நினைத்திருந்தேன்; என்மேல் இருந்த பயம் என்று இப்போது தோன்றுகிறது. கொஞ்சம் கொஞ்சமாக எல்லாம் வெளியே வந்தது. கல்கத்தாவில் உன் கூட வேலை செய்யும் பெண், நல்ல குடும்பம், கோயில் பேசியாயிற்று, தேதி வைத்தாயிற்று. "தேதி என்ன?" என்றேன். "அத மட்டும் உன்கிட்ட சொல்லக் கூடாதுன்னு சொல்லிட்டாம்மா. கல்யாணத்துல அவன் தோழனுங்க வாசிக்கப் போறாங்களாம். நீ வந்தா முன்னாடி வந்து முட்டி போட்டுடுவியாம்." சொல்லிவிட்டு அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நானும் சிரிப்பேன் என்று பார்த்தாள். நான் சிரிக்கவில்லை என்றதும் வெங்காயத்தின் மேல் பழியைப் போட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

நீ அப்படி நினைப்பதற்குக் காரணம் நான்தான், அதையும் சொல்லிவிடுகிறேன். எர்ணாவூர் தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்த நீயும், ரயில்வே குடியிருப்பிலிருந்த டெரிக்கும், இன்னும் இரண்டு பேரும் சேர்ந்து குழு ஒன்று வைத்தீர்கள். அதற்கு 'சால்ட் பேன்ஸ்' என்று பெயரும் வைத்தீர்கள். உப்பளத்தின் பெயரைச் சங்கீதத்துக்கு வைத்த முதல் ஆட்கள் நீங்களாகத்தான் இருக்க வேண்டும். சினிமாப் பாட்டுப் பாடுவதில்லை, வெள்ளைக்காரன் பாட்டைப் பார்த்துப் பாடுவதுமில்லை, எல்லாம் சொந்தப் பாட்டு என்றாய். ஒரு நாள் உன் பாட்டு நோட்டை மேசைமேல் வைத்துவிட்டு வேலைக்குப் போயிருந்தாய். இருபத்தைந்து வருடம் கன்னியர் மடத்துப் பள்ளியில் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்த கை சும்மா இருக்குமா? சிவப்புப் பென்சிலை எடுத்தேன். பதினோரு பாட்டையும் திருத்தினேன். கடைசிப் பக்கத்தில் பத்துக்கு நாலு என்று போட்டு, 'கையெழுத்தில் முன்னேற்றம் தேவை' என்றும் எழுதினேன். நீ வந்து பார்த்தாய். நோட்டை எடுத்துச் சட்டைக்குள் செருகிக்கொண்டாய். அதன்பிறகு அந்த நோட்டு வீட்டுக்குள் வந்ததேயில்லை. நாலு மார்க் கொஞ்சம் தாராளம் என்றுதான் அன்றைக்கு நினைத்தேன்.

பிறகு எண்ணூரில் ஒரு தொழிற்சாலையின் மனமகிழ் மன்ற ஆண்டு விழாவில், திறந்த வெளியில், ஊரே பார்க்க நீங்கள் வாசிக்கப் போகிறீர்கள் என்று வந்து சொன்னாய். வேலையை விட்டுவிட்டதையும் அதே மூச்சில் சொன்னாய். எனக்கு வந்த கோபத்தில் ஒரு வாக்கியம் சொன்னேன். உனக்கு அது எழுத்துக்கு எழுத்து நினைவிருக்கும். "நீ அந்த மேடையில் ஏறினால், நான் கீழே மண்டியிட்டுச் செபமாலையின் ஐம்பத்து மூன்று மணியும் சொல்லுவேன். உனக்கு வெட்கமாக இருக்கிறதா எனக்கு வெட்கமாக இருக்கிறதா என்று பார்த்துவிடலாம்." நீ, "சொல்லும்மா, டெரிக் தாளம் போடுவான்" என்றாய். அந்தப் பதில் நன்றாக இருந்தது. அன்று அதை ஒப்புக்கொள்ள முடியவில்லை.

இனி நடந்ததைச் சொல்வதற்கு முன்னால், என் முழங்காலைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நான் ஐந்து வயதில் மடத்துப் பள்ளிக்குப் போனேன். எழுத்துக்கு முன்னால் மதர் எங்களுக்குக் கற்றுக்கொடுத்தது, பூசையில் எப்போது உட்கார வேண்டும், எப்போது எழ வேண்டும், எப்போது மண்டியிட வேண்டும் என்பதுதான். மதர் கையில் ஒரு சின்ன மரக்கட்டை இருக்கும். அதைத் தட்டினால் அறுபது பிள்ளைகளின் முழங்காலும் ஒரே சத்தமாகத் தரையில் படவேண்டும். இரண்டு சத்தம் கேட்டால் அன்றைக்கு விளையாட்டு கிடையாது. இராயபுரத்துக்கு மருமகளாக வந்தபிறகு, பாடற்குழுவுக்கு ஆர்மோனியம் வாசிக்க என்னை முதல் பெஞ்சில் உட்கார வைத்தார்கள். அன்றிலிருந்து பெண்கள் பக்கம் முழுவதும் பூசை பார்ப்பது பீடத்தைப் பார்த்து அல்ல, என் முதுகைப் பார்த்துத்தான். நான் எழுந்தால் எழுவார்கள், நான் மண்டியிட்டால் மண்டியிடுவார்கள். லத்தீன் போய்த் தமிழ்ப் பூசை வந்தபோது ஆறு மாதத்துக்கு எல்லாருக்கும் குழப்பம். அந்த ஆறு மாதமும் பங்கே என் முதுகைத்தான் நம்பியிருந்தது. குருவானவரும் ஓரக்கண்ணால் பார்த்தார் என்பது என் சந்தேகம். முப்பது வருடத்தில் ஒருமுறைகூட நான் தவறான இடத்தில் எழுந்ததில்லை. இதை நான் பெருமைக்காகச் சொல்லவில்லை. சரி, பெருமைக்காகத்தான் சொல்கிறேன்.

அந்த விழாவுக்கு நான் வருவதாகவே இல்லை. பக்கத்து வீட்டு ரெஜினா கெடுத்தாள். அவளுக்குத்தான் தெரியாத சேதி கிடையாதே. காலையில் வாசலில் நின்று, "இன்னா டீச்சரம்மா, உன் புள்ள மேடையேறி பாடப் போறான், நீ இங்க குந்திகினு கீற? மாதர் சங்கமே போவுது. எந்தம்பி லாரி கீது, கிளம்பு" என்றாள். நான் மண்டியிடப் போவதாகச் சொன்னது எப்படியோ பங்கு முழுக்கப் பரவியிருந்தது. பாதிப் பேர் பாட்டுக் கேட்க வந்தார்கள், பாதிப் பேர் என்னைப் பார்க்க வந்தார்கள். மீன் லாரியை மூன்று தரம் கழுவியிருந்தார்கள். மூன்று தரமும் வீண். நான் முன்னால் டிரைவர் பக்கத்தில் செபமாலையைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். திருவொற்றியூர் தாண்டும்வரை செய்வதா வேண்டாமா என்று எனக்கே தெரியாது. செய்யும் எண்ணம் இருந்தது என்பதை மறைக்கவில்லை. இந்தக் கடிதத்தில் எதையும் மறைப்பதாக இல்லை.

மைதானம் சவுக்குத் தோப்பை ஒட்டி, வெறும் மணல். வெயில் இறங்கிக்கொண்டிருந்தது, கடல் காற்று நன்றாக வீசியது. மேடைக்கு முன்னால் தொழிற்சாலைச் சாப்பாட்டுக்கூடத்து நீள பெஞ்சுகளை வரிசை வரிசையாகப் போட்டிருந்தார்கள். பெண்களுக்கு முன் வரிசைகள் என்றதும் நான் வழக்கம்போல முதல் பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தேன். என் பின்னால் நாலு வரிசை மாதர் சங்கம். அவர்களும் கோயிலில் அவரவர் உட்காரும் இடத்திலேயே உட்கார்ந்ததை நான் அப்போது கவனிக்கவில்லை. அதற்குப் பின்னால் தொழிலாளர்கள், குடும்பங்கள், பட்டாணி விற்கிறவர்கள், சவுக்கு மரத்தின் மேல் ஒரு பத்துப் பேர். மைக் செட் கபாலி மேடை ஓரத்தில் பெட்டியைத் திருகிக்கொண்டு, "டெஸ்டிங், டெஸ்டிங்" என்று நீங்கள் பாடியதைவிட அதிக நேரம் பாடினான்.

நீங்கள் ஆரம்பித்தீர்கள். முதல் பாட்டுக்கு என் காது அடைத்துக்கொண்டது. இரண்டாவது பாட்டுக்குள் சனங்கள் கத்த ஆரம்பித்துவிட்டார்கள். "யோவ், சினிமாப் பாட்டு போடுய்யா!" என்று ஒருவன். "இன்னாபா இது, வாரம் பூரா மிஷின் சத்தம் கேட்டுகினு கீறேன், லீவு நாள்லயும் அதானா?" என்று இன்னொருவன். சவுக்கு மரத்திலிருந்து ஒரு குரல், "டேய் முடி, கண்ணு தெரியுதாடா உனக்கு?" என்று கேட்டது. அது உனக்குத்தான். உன் முடியைப் பற்றி எனக்கும் அதே கேள்வி இருந்தது. ஆனால் அந்நியன் ஒருவன் மரத்தின்மேல் உட்கார்ந்துகொண்டு கேட்டபோது எனக்குப் பொறுக்கவில்லை. திரும்பிப் பார்த்து, வகுப்பில் பார்ப்பேனே, அந்தப் பார்வை பார்த்தேன். மரத்தில் இருந்தவன் கொஞ்சம் இறங்கினான். மூன்றாவது பாட்டு கதிவாக்கம் ரயில்வே கேட்டில் நிற்பதைப் பற்றியது. கேட் மூடியிருக்கிறது, சரக்கு வண்டி வருகிறது, எத்தனை பெட்டி என்று எண்ணிக்கொண்டே ஒருவன் காதலியின் பெயரை மறந்துவிடுகிறான். எனக்குச் சிரிப்பு வந்தது. ரெஜினா பக்கத்திலிருந்து, "நல்லாத்தான் பாடறான் பையன், இவனுங்களுக்கு இன்னா பேஜாரு?" என்றாள். அப்போது செபமாலையைப் பைக்குள் போட்டு மூடிவிட்டேன். இதை நீ நம்ப வேண்டும். பைக்குள் போட்டு மூடிவிட்டேன்.

ஆனால் கூச்சல் ஏறிக்கொண்டே போனது. கடைசிப் பாட்டு என்று நீ சொன்னபோது கைதட்டியவர்கள், கடைசி என்பதற்காகத்தான் தட்டினார்கள். நீ மெதுவாக இரண்டு மூன்று தந்திகளைத் தொட்டாய். பிறகு டெரிக் தன் டிரம் பக்கத்தில் தொங்கவிட்டிருந்த ஒரு வெண்கல மணியை மூன்று முறை அடித்தான். அடித்துவிட்டு நிறுத்தினான். எல்லாச் சத்தமும் நின்றது.

நடுப்பூசையில் குருவானவர் அப்பத்தை உயர்த்தும்போது மூன்று முறை மணி அடிக்கும், உனக்குத் தெரியும். அந்த மணிக்கு எத்தனை வருடமாக நான் மண்டியிட்டு வருகிறேன் என்பதும் உனக்குத் தெரியும். நான் யோசிக்கவில்லை அந்தோணி. யோசிக்க நேரமே இல்லை. முதல் பெஞ்ச், எதிரே உயரமான இடம், இரண்டு பக்கமும் விளக்கு, மூன்று மணி, அமைதி. என் முழங்கால் மணலில் பட்டபிறகுதான் எனக்கு விஷயமே தெரிந்தது. கையும் தானாகச் சிலுவை போட்டுவிட்டது. உடனே பின்னால் ஒரு சலசலப்பு. திரும்பிப் பார்க்காமலே எனக்குத் தெரியும்: நாலு வரிசைப் பெண்களும், நாற்பது பேரும், ஒரே சத்தமாக மண்டியிட்டுவிட்டார்கள். மதர் இருந்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார்.

பெண்கள் விழுந்ததைப் பார்த்ததும் பின்னால் இருந்த கூட்டம் மிரண்டுவிட்டது. சிலர் எழுந்தார்கள், சிலர் உட்கார்ந்தார்கள், ஒருவர் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டார். கபாலி செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, "சாமிப் பாட்டா? முன்னாடியே சொல்லக் கூடாது? ரெண்டு ஊதுபத்தி கொளுத்திருப்பேனே!" என்று தலையில் அடித்துக்கொண்டு சத்தத்தைக் குறைத்தான். துறைமுகத்தில் வேலை பார்க்கும் ஆட்கள் இரண்டு பேர் மட்டும், எதற்கென்று தெரியவில்லை, சட்டென்று அண்ணாந்து வானத்தைப் பார்த்துவிட்டு இரண்டடி பின்னால் நகர்ந்தார்கள். சினிமாப் பாட்டு கேட்டவர்கள் யாரும் வாய் திறக்கவில்லை. ஒரு மணி நேரமாக உங்களால் முடியாததை நாற்பது முழங்கால் சோடி செய்துவிட்டது. நீ மேடையிலிருந்து என்னைப் பார்த்தாய். உன் முகம் மாறியதைப் பார்த்தேன். நான் சொன்னதைச் செய்துவிட்டேன் என்று நினைத்தாய்.

அப்போதே எழுந்திருக்கலாம். 'தவறிவிட்டது' என்று சிரித்துக்கொண்டே பெஞ்சில் உட்கார்ந்திருந்தால், நீயும் சிரித்திருப்பாய், எல்லாமே அங்கேயே முடிந்திருக்கும். ஆனால் எழுந்தால் நான் தவறாக மண்டியிட்டேன் என்று பங்கு முழுக்கத் தெரிந்துவிடும். முப்பது வருடத்தில் முதல் தடவை. அதுவும் ஒரு டிரம்காரன் மணிக்கு. ஆகவே வேண்டுமென்றே செய்ததுபோலக் கண்ணை மூடிக்கொண்டு அப்படியே இருந்தேன். நான் எழாததால் யாருமே எழவில்லை. ரெஜினா என் காதில், "டீச்சரம்மா, இன்னும் எவ்ளோ நேரம்? முட்டி போச்சு" என்றாள். "கண்ணை மூடு ரெஜினா" என்றேன். "மூடிகினுதான் கீறேன். முட்டிக்கு அது தெரியலயே" என்றாள். அவள் பின்னால் ஒரு கிழவி கரகரப்பாக, "எந்தச் செபம்னு சொன்னா நாமளும் சொல்லலாம்" என்றது. நான் கண்ணை இன்னும் இறுக்கி மூடிக்கொண்டேன். அதுவரை நடந்தது வெறும் அகங்காரம். அதற்குமேல் நடந்தது வேறு.

கண் மூடியிருந்ததால் பாட்டு முழுவதும் காதில் விழுந்தது. உயரத்தில் ஒரு மனிதர் தனியாக உட்கார்ந்திருக்கிறார் என்று ஆரம்பித்தாய். கீழே கப்பல்கள் சின்னதாக இருக்கின்றன, மனிதர்கள் எறும்பாக இருக்கிறார்கள், அங்கே அவர் பாடுகிறார், யாருக்கும் கேட்காது என்று பாடுகிறார். சாப்பாட்டுக் கேரியருடன் கீழே நிற்கும் பிள்ளைக்கு மட்டும் காற்று அடிக்கும்போது இரண்டு சொல் கேட்கிறது. இது யாரென்று எனக்குத் தெரிய எவ்வளவு நேரம் ஆகும்? இருபத்தேழு வருடம் துறைமுகத்தில் கிரேன் ஓட்டிய உன் அப்பா.

உன் அப்பா எனக்கு முன்னால் பாடி நீ கேட்டிருக்க மாட்டாய். அதன் காரணம் உனக்குத் தெரியாது, ஸ்டெல்லாவுக்கும் தெரியாது. எங்களுக்குக் கல்யாணம் முடிந்த முதல் ஞாயிற்றுக்கிழமை, பூசையில் அவர் என் பக்கம் பார்த்துக்கொண்டு உரக்கப் பாடினார். ஆர்மோனியத்துக்கு அரைக்கட்டை கீழே பாடினார். வீட்டுக்கு வந்ததும், காபியைக்கூடக் கொடுக்காமல், "நீங்கள் பாடாமல் உதட்டை மட்டும் அசையுங்கள், அது போதும்" என்றேன். மனிதர் கோபிக்கவில்லை. "சரிம்மா" என்றார். செத்துப்போகும்வரை கோயிலில் உதட்டை மட்டும்தான் அசைத்தார். எனக்கு இருபத்தாறு வயது, சுருதி சுத்தமாக இருப்பதுதான் உலகத்தில் பெரிய விஷயம் என்று நினைத்திருந்தேன். அவர் பாட்டை விட்டுவிட்டார் என்றே நம்பியிருந்தேன். அவர் விடவில்லை, அது தரையிலிருந்து நூறு அடி மேலே குடிபோயிருந்தது என்பதை எண்ணூர் மணலில் முழங்காலில் நின்றபடி உன் பாட்டில்தான் தெரிந்துகொண்டேன். அதற்குப்பிறகு பங்கு மொத்தமும் எழுந்திரு என்று கத்தியிருந்தாலும் என்னால் எழுந்திருக்க முடிந்திருக்காது. பாட்டு நன்றாக இருந்தது. இரண்டாவது சரணம் கொஞ்சம் இழுக்கிறது. இருந்தாலும் நன்றாக இருந்தது.

முடிந்ததும் உன்னிடம் வராமல் போனேன் என்று ஸ்டெல்லாவிடம் சொல்லியிருக்கிறாய். வர முடியவில்லை. இரண்டு காலும் மரத்துப்போய்விட்டன. நான் வேண்டுதலில் மூழ்கியிருக்கிறேன் என்று நினைத்து ஒருவரும் என்னைத் தொடவில்லை. கடைசியில் ரெஜினாவும் அவள் தம்பியும் சேர்ந்து, மீன் கூடையைத் தூக்குவதுபோல, "ஏலேலோ" போட்டுத் தூக்கி நிறுத்தினார்கள். கால் மணலில் ஊன்றி மேடைப் பக்கம் வருவதற்குள் டெரிக் வண்டியில் நீ போய்விட்டாய். மறுநாள் நான் காலைப் பூசைக்குப் போயிருந்தபோது பெட்டியை எடுத்துக்கொண்டு கல்கத்தா மெயில் ஏறிவிட்டாய்.

இனி சொல்லப்போவதுதான் சொல்லக் கஷ்டமானது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை குருவானவர் பிரசங்கத்தில், இந்தக் காலத்துப் பிள்ளைகளை நாகரிகத்திலிருந்து காப்பாற்றத் தன் முழங்காலையே ஆயுதமாக்கிய தாய் ஒருத்தி நம்மிடையே இருக்கிறாள் என்றார். எல்லாரும் என் முதுகைப் பார்த்தார்கள். அப்போதாவது நான் எழுந்து இல்லை என்று சொல்லியிருக்கலாம். தலையைக் கொஞ்சம் குனிந்தேன், அவ்வளவுதான்; அடக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள். மாதர் சங்கம் எனக்குச் சால்வை போர்த்தியது. திருவொற்றியூர்ப் பங்கில் 'தாய்மாரின் கடமை' என்று பேசக் கூப்பிட்டார்கள். போனேன். இருபது நிமிடம் பேசினேன். நன்றாகவே பேசினேன். தவறாக மண்டியிட்ட கிழவி என்ற பெயரைவிட, மகனை எதிர்த்து மண்டியிட்ட தாய் என்ற பெயர் எனக்கு மரியாதையாகத் தெரிந்தது. அந்த மரியாதைக்காக உன்னை விட்டுக்கொடுத்தேன். குருவானவரிடம் பாவங்களை ஒப்புக்கொள்ளும் பாவசங்கீர்த்தனத்தில்கூட இதைச் சொல்லவில்லை. அடுத்த பெஞ்சில் காத்திருந்தவள் ரெஜினா, அவள் காது உனக்குத் தெரியும்.

போன மாதம் இராயபுரம் ரயிலடியில் டெரிக்கைப் பார்த்தேன். முடி வெட்டியிருந்தான், முதலில் அடையாளம் தெரியவில்லை. "ஆன்ட்டி, இன்னும் எங்க மேல கோவமா?" என்றான். எனக்கு வாய் திறந்துகொண்டது. ரயிலடி பெஞ்சில் உட்கார்ந்து, கோயில் மணி என்று நினைத்து மண்டியிட்டதை அவனிடம் சொன்னேன். வெளியே சொன்னது அதுதான் முதல் தடவை. அவன் சிரித்துச் சிரித்துப் பெஞ்சிலிருந்து விழப்போனான். பிறகு நிறுத்திவிட்டுச் சொன்னான். "அது கோயில் மணி இல்ல ஆன்ட்டி. அங்கிளோட கிரேன் மணி. லோடு தூக்கும்போது மூணு தரம் அடிப்பாங்க, கீழ நிக்கிறவன் நகரணும்னு. அதக் கேட்டா எல்லாரும் ஓடுவாங்க, நீங்கதான் ஆன்ட்டி அங்கயே முட்டி போட்டீங்க." துறைமுகத்து ஆட்கள் ஏன் அண்ணாந்து பார்த்தார்கள் என்பது அப்போதுதான் விளங்கியது. வண்டி வந்துவிட்டது. ஏறப்போனவன் திரும்பி, "அந்தப் பாட்டக் கடைசில வச்சதே நீங்க வருவீங்கன்னுதான். அம்மாவுக்கு இது தெரியணும்னு சொல்லிட்டே இருந்தான்" என்றான்.

இவ்வளவுதான் நடந்தது. நீ எனக்காகப் பாடினாய். நான் உனக்கு எதிராகச் செபித்தேன் என்று நினைத்துப் போய்விட்டாய். நான் உன்னை அப்படியே நினைக்க விட்டேன். முதல் இரண்டில் யார்மேலும் குற்றமில்லை. மூன்றாவது என் குற்றம், அதற்கு மன்னிப்புக் கேட்கிறேன். கல்யாணம் செய்துகொள்ளப் போகிறவனுக்கு அம்மா ஏதாவது புத்தி சொல்ல வேண்டும் என்பார்கள். என்னிடம் இருப்பது ஒன்றுதான். வீட்டில் தவறான இடத்தில் மண்டியிட்டுவிட்டால், உடனே எழுந்து, தவறிவிட்டேன் என்று சொல்லிவிடு. அப்போது வலிப்பது முழங்கால் மட்டும்தான். தாமதித்தால் அந்தத் தவறுக்குச் சால்வை போர்த்துகிறவர்கள் வந்துவிடுவார்கள். அப்புறம் அதைக் கழற்ற மனசு வராது. இன்னொன்று: உன் மனைவி சுருதி விலகிப் பாடினால் காபி குடித்து முடிக்கும்வரை ஒன்றும் சொல்லாதே. முடித்தபிறகும் சொல்லாதே.

மாத இதழுக்குக் கொடுக்கப் போகும் நகலைக் குருவானவரிடம் முன்னாலேயே காட்டினேன். படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி, "இதைப் போட்டால் என் பிரசங்கம் என்னம்மா ஆவது?" என்றார். "என் முப்பது வருடம் என்ன ஆகிறதோ அதுதான் ஃபாதர்" என்றேன். போடுவதாகச் சொல்லியிருக்கிறார். ரெஜினாவுக்கு வாசித்துக் காட்டினேன். "அடப்பாவி, உன்னை நம்பி முட்டிய ஒடச்சிகினேனே!" என்றவள் இன்னும் என்னோடு பேசவில்லை. பேசுவாள், நாளை மறுநாள் ஏலம் இருக்கிறது, அங்கே கொண்டுபோக அவளுக்குச் சேதி வேண்டும்.

இனி உன்னிடம் கேட்க வேண்டியது. உன் கல்யாணத்துக்கு நான் வரலாமா? முதல் பெஞ்ச் வேண்டாம், கடைசி வரிசையில் தூண் பக்கத்தில் போதும். எந்த மணி அடித்தாலும் முன்னால் இருப்பவர்கள் என்ன செய்கிறார்களோ அதைப் பார்த்துச் செய்கிறேன். உன் தோழர்கள் வாசிக்கட்டும். அந்தப் பாட்டையும் வாசிக்கச் சொல், இந்த முறை உட்கார்ந்து கேட்கிறேன். வரலாம் என்றால் தேதியும் கோயிலின் பெயரும் எழுது. வேண்டாம் என்றால் வேண்டாம் என்று எழுது, காரணம் எழுத வேண்டியதில்லை. ஸ்டெல்லாவிடம் சொல்லி அனுப்பாதே. தந்தியும் அடிக்காதே, அதில் யாருடைய கையெழுத்தும் இருக்காது. நீயே உட்கார்ந்து, உன் கையால் எழுது. எந்தப் பதிலாக இருந்தாலும், நீ போனபிறகு எனக்கு உன்னிடமிருந்து வரும் முதல் கடிதம் அதுதான்.

அம்மா